பழங் கிதாரின் உலோகமும் முலாம் பட்டறையின் மூச்சும்

மும்பையின் மழைக்காலம் உலோகத்துக்குப் பெரும் பகை. ஜூன் முதல் செப்டம்பர் வரையில் அந்நகரத்துக் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80 என்னும் அளவைத் தொட்டும் தாண்டியும் நிற்கின்றது. கடலினின்றும் எழும் உப்புத் துகளும் அவ்வீரத்தோடு கலந்து வருகின்றது. வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் முதல் தையல் இயந்திரத்தின் சக்கரம் வரையில் யாவும் இதற்கு இரையாவதை அந்நகரத்து மக்கள் நன்கறிவர். இசைக்கருவிகள் இதற்கு விலக்கல்ல. மரத்தைப் பேணுவதில் காட்டப்படும் அக்கறை, அம்மரத்தின் மீது பொருத்தப்பட்டுள்ள உலோக உறுப்புக்களைப் பேணுவதில் காட்டப்படுவதில்லை. அவை மங்கிய பின்னர், முலாம் பட்டறைக்கு அனுப்பிப் புதியன போல் ஆக்கிவிடலாம் என்னும் எண்ணமே பலரிடத்தும் உள்ளது. இவ்வெண்ணம் பெரும்பாலும் தவறானது என்பதும், அத்தவறுக்கான விலையைக் கருவியின் உடைமையாளரைக் காட்டிலும் பட்டறைத் தொழிலாளியே மிகுதியாகக் கொடுக்கின்றார் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

மும்பையில் பழங் கிதார்கள் மிகுந்திருப்பதற்குக் காரணம் உண்டு. கோவாவிலிருந்து வந்த இசைவாணர் பலர் அந்நகரத்துத் திரைப்பட இசைக் குழுக்களில் நெடுங்காலம் பணியாற்றினர். செம்பூரில் 1948ஆம் ஆண்டில் தோன்றிய ஆர்.கே. ஸ்டூடியோ போன்ற படப்பிடிப்பு நிலையங்களின் படங்களுக்கு இசை சேர்த்த குழுக்களில் வயலினும் அக்கார்டியனும் கிதாரும் இன்றியமையாதன ஆயின. சுதந்திரத்துக்குப் பின்னர் அயல்நாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தமையால், ஒருமுறை வந்து சேர்ந்த கருவி எளிதில் மாற்றப்படவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கும், ஆசிரியரிடமிருந்து மாணவருக்கும் அது கைமாறியது. உதிரி உறுப்புக்கள் கிடைக்காத நாளில் கடைசல் பட்டறையும் முலாம் பட்டறையுமே புகலிடம். 1991க்குப் பின்னர் இந்நிலை மாறிவிட்டது. ஆயினும் பழக்கம் மாறவில்லை.

மாட்டுங்காவின் தமிழ் இல்லங்களில் வீணை அறியாதார் இலர். ஆதலின் கிதாரின் உறுப்புக்களை வீணையைக் கொண்டே விளக்குதல் எளிது. வீணையின் பிருடைகளின் இடத்தில் கிதாருக்குப் பல்சக்கரம் அமைந்த உலோக முறுக்காணிகள் உள்ளன. வீணையின் குதிரைக்கு ஒப்பான உறுப்பு, மின்கிதாரில் பெரும்பாலும் முழுவதும் உலோகத்தாலானது. தந்திகளின் கடைசி முனையைப் பற்றி நிற்கும் தகடும், ஒலியை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளின் மேல்மூடியும், எண்ணிறந்த சிறு திருகாணிகளும் பிற. மெட்டுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. வீணையில் மெழுகின் மேல் பதித்த பித்தளை மெட்டுக்களுக்கு எவரும் முலாம் பூசுவதில்லை. விரலும் தந்தியும் ஓயாது உராயும் இடத்தில் எந்தப் பூச்சும் நில்லாது. கிதாரின் மெட்டுக்களும் அவ்வாறே பெரும்பாலும் ஜெர்மன் சில்வர் என்னும் கலப்பு உலோகத்தாலானவை. பெயரில் வெள்ளி இருப்பினும் அதில் வெள்ளி சிறிதும் இல்லை. தாமிரம், நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவையே அது. மெட்டு மங்கினால் மெல்லத் துடைத்தலே போதும். அதற்கும் முலாம் பூசித் தருமாறு கேட்போர் உண்டு என்பது வியப்புக்குரியது.

மற்ற உறுப்புக்களின் உள்ளுலோகம் ஒன்றாக இருப்பதில்லை. சில பித்தளை, சில எஃகு. விலை குறைந்த கருவிகளிலும், நடுத்தரமான பலவற்றிலும், உருக்கி அச்சில் அழுத்தி வார்த்த துத்தநாகக் கலவை மிகுதி. அக்கலவையில் நூற்றுக்கு 4 பங்கு அளவில் அலுமினியம் சேர்ந்திருக்கும். இவற்றின் மேல் நிக்கல், குரோமியம், பொன் ஆகிய மூன்றில் ஒன்று பூசப்பட்டிருக்கும். இம்மூன்றும் முதுமையடையும் விதம் வெவ்வேறானது. நிக்கல் சற்றே மஞ்சள் சாயலுடன் தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல மூடுபனி படர்ந்தாற்போல் மங்கும். குரோமியம் நீலச் சாயலுடையது, மங்காது. ஆனால் அதன் நுண்ணிய வெடிப்புக்களின் வழியே ஈரம் உட்புகுந்து அடியிலுள்ள உலோகத்தை அரிக்க, ஒருநாள் கொப்புளமாகிச் செதிலாக உதிரும். பொன் துருப்பிடிப்பதில்லை, அது மிக மெல்லியதாகப் பூசப்படுவதால் உள்ளங்கையின் உராய்வாலும் வியர்வையாலும் தேய்ந்து மறைகின்றது. எது எவ்வாறு கெட்டுள்ளது என்று பாராமல் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் இடுவது, நோயை அறியாமல் மருந்து கொடுப்பது போன்றதே.

அமெரிக்காவின் கிப்ஸன் நிறுவனம் 1965ஆம் ஆண்டை ஒட்டி, தன் கிதார்களின் உறுப்புக்களுக்கு நிக்கலை விட்டுக் குரோமியத்தைப் பூசத் தொடங்கியது. அதற்கு முற்பட்ட கருவி ஒன்றைக் குரோமிய முலாமுக்கு அனுப்பினால், அது புதுப்பிக்கப்படுவதில்லை. அதன் பிறந்த ஆண்டே பொய்யாக்கப்படுகின்றது. சேகரிப்போர் தேய்ந்த நிக்கலுக்கு மிகுந்த விலையும், பளபளக்கும் புதுப் பூச்சுக்குக் குறைந்த விலையும் தருவது இக்காரணம் பற்றியே. வாசிப்போருக்கு விலை பெரிதன்று எனலாம். அவர்களுக்கும் ஒரு நட்டம் உண்டு. முலாம் பூசுவதற்கு முன் பழம் பூச்சை அமிலத்தாலோ எதிர்த்திசை மின்னோட்டத்தாலோ கழற்ற வேண்டும்; பின்னர் மெருகுச் சக்கரத்தில் தேய்க்க வேண்டும். இவ்விரண்டிலும் உள்ளுலோகம் குறைகின்றது. கூரிய விளிம்புகள் மழுங்குகின்றன. பொறித்த எழுத்துக்கள் ஆழம் இழக்கின்றன. திருகு வழிகள் தளர்கின்றன. துத்தநாக வார்ப்பாயின், அமிலம் உலோகத்தையே தின்று சல்லடைக் கண்களாக்கிவிடும். பலமாகக் கடினப்படுத்திய எஃகு விற்சுருள்களும் திருகாணிகளும் அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறுகின்றன. முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்றும் பழக்கம் சிறு பட்டறைகளில் அருமையாகவே காணப்படும்.

ஆகவே முதற்செயல் தூய்மையாக்கலேயாகும். தந்திகளைக் கழற்றி, உறுப்புக்களை அவை இருந்த வரிசையிலேயே குறித்து வைத்து, இளஞ்சூடான நீரில் சிறிது சவர்க்காரம் கரைத்து மென்மையான தூரிகையால் கழுவி, உடனே முற்றும் உலர்த்துதல் வேண்டும். பல ஆண்டுகளின் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்குமே அழுக்கெனத் தோன்றியவற்றுள் பெரும்பகுதி என்பது அப்போது புலனாகும். துருவேறிய திருகாணியை வலிந்து திருகாமல், ஊடுருவும் எண்ணெயைத் துளியாக இட்டு ஓர் இரவு விட்டுவைப்பது நன்று. பல்சக்கரங்களுக்கு மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதுமானது.

இங்கே நம் நாட்டு அடுப்பங்கரையின் அறிவு ஓர் அளவுக்கே துணை செய்யும். குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கும் வழக்கம் அறிவியலுக்குப் பொருந்தியதே. புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் தாமிர ஆக்சைடைக் கரைக்கின்றது. குத்துவிளக்கு முழுவதும் பித்தளையாதலின் சிறிது கரைந்தாலும் குறைவில்லை. முலாம் பூசிய உறுப்பிலோ, பூச்சின் நுண்துளைகளின் வழியே அமிலம் உட்சென்று அடியிலுள்ள பித்தளையையும் துத்தநாகத்தையும் தாக்கும். எலுமிச்சைக்கும் வினிகருக்கும் இதுவே பொருந்தும். விபூதியால் தேய்ப்பது வெள்ளிப் பாத்திரத்துக்குத் தீங்கற்றதாகத் தோன்றினும், அதுவும் ஒரு மெல்லிய அரமே. ஒரு மைக்ரானுக்கும் குறைந்த பொற்பூச்சு அதற்குத் தாங்காது.

இவ்வளவுக்குப் பின்னரும் முலாம் தேவைப்படும் உறுப்புக்கள் உண்டு. துருவின் கூர் தந்தியை அறுக்குமாயின், அல்லது வாசிப்போரின் உள்ளங்கையைக் கீறுமாயின், பழமையைப் போற்றுதல் என்னும் பெயரால் அதனை அவ்வாறே விட்டுவைத்தல் அறிவுடைமையாகாது. இசைக்கருவி வாசிப்பதற்கே உரியது. அந்நிலையில் நிக்கல் முலாமே பெரும்பாலும் ஏற்றது. அமெரிக்க அறிஞர் வாட்ஸ் 1916ஆம் ஆண்டில் வகுத்த கலவையே உலகெங்கும் இன்றும் அடிப்படையாக உள்ளது. நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் ஆகிய மூன்றும் கலந்த வெதுவெதுப்பான கரைசல் அது. நேர்மின்வாயில் நிக்கல் கட்டி. எதிர்மின்வாயில் முலாம் பெறவேண்டிய உறுப்பு.

ஃபாரடேயின் விதிகளைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது மிகச் சிறந்த கணக்கு. ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 1.095 கிராம் நிக்கல் படிகின்றது. கிதாரின் குதிரை ஒன்றின் மேற்பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் எனக் கொள்க. அதில் ஒரு ஆம்பியர் அரைமணி நேரம் பாய்ந்தால் படிவது ஏறக்குறைய 0.55 கிராம், பூச்சின் கனம் 12 மைக்ரான். மனிதர் தலைமயிரின் கனத்தில் இது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. உறுப்பின் முந்திய எடையையும் பிந்திய எடையையும் நுண்தராசில் நிறுத்து மாணவர்களே இதனைச் சரிபார்க்கலாம். பள்ளியில் செய்து காட்டுவதற்குத் தாமிர சல்பேட்டே தக்கது; நிக்கல் உப்புக்கள் தோலில் தீராத அரிப்பை உண்டாக்கக்கூடும்.

துத்தநாக வார்ப்புக்கு மாத்திரம் நேரே நிக்கல் பூச இயலாது. இரும்பு ஆணியைத் தாமிர சல்பேட்டில் இட்டால் அதன்மேல் சிவந்த தூளாகத் தாமிரம் படிவதையும், அது விரலால் துடைத்தாலே போய்விடுவதையும் மாணவர் யாவரும் கண்டுள்ளனர். துத்தநாகம் இரும்பைக் காட்டிலும் விரைந்து வினைபுரிவது. அமிலத் தன்மையுள்ள எந்த முலாம் கரைசலிலும் அது தானே கரைந்து, ஒட்டாத பூச்சையே பெறும். ஆதலின் முதலில் சயனைடு கலந்த தாமிரக் கரைசலில் மெல்லிய அடிப்பூச்சு இடுவது தொழில்வழக்கம். சயனைடு கொடிய நஞ்சு. அதன் கரைசலில் சிறிது அமிலம் கலந்தாலும் உயிர்கொல்லும் வாயு எழும். அமிலத் தொட்டியும் சயனைடு தொட்டியும் ஒரே குடிசையில் மூன்றடி இடைவெளியில் இருத்தல் எத்தகைய அபாயம் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விலை குறைந்த துத்தநாக உறுப்பு ஒன்றுக்காக இவ்வபாயத்தை விலைக்கு வாங்குதல் தகாது. அத்தகைய உறுப்பு புள்ளி புள்ளியாக அரித்துவிட்டதாயின், புதியதொன்றைப் பொருத்திப் பழையதைப் பொட்டலமாகக் கட்டிக் கருவியின் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.

குரோமியத்தின் கதை இன்னும் கடுமையானது. வழக்கமான தொட்டியில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 250 கிராம் குரோமிக் அமிலமும், அதில் நூறில் ஒரு பங்கு கந்தகாமிலமும் இருக்கும். அழகுக்காகப் பூசப்படும் குரோமியத்தின் கனம் கால் மைக்ரான் முதல் அரை மைக்ரான் வரையே. மேற்சொன்ன 50 சதுர சென்டிமீட்டர் குதிரையின் மேல் கால் மைக்ரான் கனத்துக்கு வேண்டிய குரோமியம் 9 மில்லிகிராம் மாத்திரம்! பாயும் மின்னோட்டத்தில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கே இப்பணியைச் செய்கின்றது. எஞ்சியதில் பெரும்பகுதி நீரைப் பிளந்து வாயுவை எழுப்புகின்றது. அவ்வாயுக் குமிழிகள் மேற்பரப்பில் வெடிக்கும்போது குரோமிக் அமிலம் நுண்துளிகளாகக் காற்றில் பறக்கின்றது. தொட்டியின் மேல் குனிந்து நிற்பவர் சுவாசிப்பது அதனையே.

இதன் விளைவு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. குரோமிய உப்புக்களைக் கையாண்ட தொழிலாளரின் தோலில் ஆழ்ந்த புண்கள் உண்டாவதை 1827ஆம் ஆண்டிலேயே கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் ஒருவர் எழுதிவைத்தார். மூக்கின் நடுத்தண்டு அரித்து ஓட்டை விழுதல் இத்தொழிலின் நெடுநாளைய அடையாளம். அது பெரும்பாலும் வலியின்றி நிகழ்வதால் தொழிலாளி அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆறு இணைதிறனுள்ள குரோமியச் சேர்மங்கள் நுரையீரல் புற்றுநோயை விளைவிப்பவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஐயமறத் தீர்மானித்துள்ளது.

காற்றோடு நீரும் கெடுகின்றது. தொட்டியினின்றும் எடுக்கப்படும் உறுப்பின் மேல் அரை மில்லிலிட்டர் கரைசல் ஒட்டிக்கொண்டு வருமாயின், அதில் 65 மில்லிகிராம் குரோமியம் உள்ளது. அதாவது, உறுப்பின் மேல் படிந்து நிலைப்பதைப் போல் ஏழு மடங்கு அலசும் நீரோடு சாக்கடைக்குச் செல்கின்றது. கழிவுநீரில் ஆறு இணைதிறனுள்ள குரோமியம் ஒரு லிட்டருக்கு 0.1 மில்லிகிராமை மிகலாகாது என்பது நம் நாட்டு விதி. அந்த அரை மில்லிலிட்டரை அவ்வளவுக்கு நீர்க்கச் செய்ய வேண்டுமாயின் 650 லிட்டர் நீர் வேண்டும். மும்பையின் சாக்கடைகள் மித்தி ஆற்றையும் மாஹிம் கழிமுகத்தையும் சேர்கின்றன. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, அச்சாக்கடைகளில் சென்றவை யாவும் வீடுகளுக்குள்ளேயே திரும்பி வந்ததை அந்நகரம் மறந்திராது. தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையில், 1990களில் இயக்கம் நின்றுபோன ஓர் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு மலை, பல்லாண்டுகளாக நிலத்தடி நீரை மஞ்சளாக்கி வந்ததும் அத்தகைய பாடமே.

இனி, இத்தொழிலையே தடைசெய்துவிடலாம் என்பார் உளர். தாராவியின் மறுசீரமைப்புக்கான ஏலம் 2022ஆம் ஆண்டில் முடிவான பின்னர், மாசு விளைவிக்கும் தொழில்களை அங்கிருந்து அகற்றுதல் பற்றிய பேச்சு வலுத்துள்ளது. இவ்வாதம் பாதி உண்மையே. தோற்பைக்கும் இடுப்புவாருக்கும் வேண்டிய உலோகக் கொக்கிகளுக்குத் தேவை உள்ளவரையில் மெருகிடுதலும் முலாம் பூசுதலும் எங்கேனும் நடைபெற்றே தீரும். அகற்றப்பட்ட தொட்டி வேறொரு புறநகரின் தகரக் கொட்டகைக்குச் செல்லும். உடன் அதே அமிலமும், அதே குனிந்த முதுகும் செல்லும். பல தலைமுறைகளாகத் திருநெல்வேலிச் சீமையினின்றும் பிற பகுதிகளினின்றும் வந்து கைத்தொழிலால் வாழ்ந்த மக்களின் ஊர் தாராவி. அவர்களின் தொழில்நுட்பம் எளியதன்று. கரைசலின் நிறத்தையும் குமிழியின் அடர்த்தியையும் கண்டே மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் தொழிலாளியின் கண், கருவிகளுக்கு ஒப்பானது. அவருக்குக் குறைவாயிருப்பது, அக்கரைசல் தம் உடலுக்கு என்ன செய்கின்றது என்னும் அறிவும், அதனைத் தடுக்கும் சாதனமுமே.

அவ்வறிவு தொலைவில் இல்லை என்பதே வருந்தத்தக்கது. இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனமும், 1923 முதல் மாட்டுங்காவில் இயங்கும் வி.ஜே.டி.ஐ. கல்லூரியும் தாராவிக்கு இருப்புப்பாதையின் மறுபுறத்தில், நடந்து சென்றடையும் தொலைவிலேயே உள்ளன. தெற்கே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் அளித்த 15 இலட்சம் ரூபாயையும் 300 ஏக்கர் நிலத்தையும் கொண்டு, 1948 ஜூலை 25ஆம் நாள் பண்டித நேருவால் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953 ஜனவரி 14ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மின்முலாமையும் துருத்தடுப்பையும் தன் முதன்மைத் துறைகளாகக் கொண்டது. ஆராய்ச்சி நிலையத்தின் அறிக்கைக்கும் கொட்டகையின் தொட்டிக்கும் இடையே உள்ள தூரம் மைல்களால் அளக்கத்தக்கதன்று. அதனைக் கடக்க வேண்டியவர் களப்பணியாளரே.

அவர்கள் கொண்டுசெல்ல வேண்டியவை விலையுயர்ந்தவையல்ல. உறுப்பைத் தொட்டியின் மேலேயே அரை நிமிடம் தொங்கவிட்டு வடியச் செய்தல் செலவற்றது. முதல் அலசலுக்கு ஓடாத நீர் நிறைந்த தனித் தொட்டி வைத்து, அந்நீரையே ஆவியாகிக் குறையும் முலாம் தொட்டியில் திரும்ப ஊற்றினால், வீணாகும் அமிலத்தின் விலையும் மிஞ்சும். இச்செய்தியைத் தொழிலாளியினும் உடைமையாளர் விரைந்து செவிமடுப்பார். எஞ்சிய கழிவுநீரை அமிலத்தன்மையில் வைத்து சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டைச் சேர்த்தால், ஆரஞ்சு நிறம் மாறிப் பச்சையாகும். பின்னர்ச் சுண்ணாம்பு இட்டால் குரோமியம் சேறாகப் படியும். அச்சேற்றைக் குப்பையில் கொட்டாமல், 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி ஒப்படைத்தல் வேண்டும். தொட்டியின் விளிம்பில் காற்றை உறிஞ்சும் குழாய்க்கு மாத்திரம் பணம் தேவை. தனித்தனிச் சிறு பட்டறைகளால் அது இயலாது. பத்துப் பட்டறைகளுக்குப் பொதுவான முலாம் கூடமும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் அமைத்துத் தருதல் அரசின் கடமை. அவற்றுக்கான இடத்தை மறுசீரமைப்பின் வரைபடத்தில் இப்போதே குறித்துவைத்தல் தகும். கட்டடங்கள் எழுந்த பின்னர் அதற்கு இடம் தேடுதல் வீண். மூன்று இணைதிறனுள்ள குரோமியத்தைக் கொண்டு பூசும் முறை 1970கள் முதல் தொழிலில் உள்ளது. அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. அத்தொட்டியைக் காப்பதற்கு நுட்பமான சோதனை வேண்டும் என்பதாலேயே சிறு பட்டறைகள் அதனை அஞ்சுகின்றன. பொதுக் கூடத்தில் சோதனை வசதி இருக்குமாயின் அவ்வச்சத்துக்கு இடமில்லை.

கிதாரின் உடைமையாளர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பட்டறையின் வாயிலில் உறுப்பை நீட்டும்போது, குரோமியம் வேண்டா, நிக்கலே போதும் என்று கூறுதல். பழைய நிக்கல் கருவியாயின் அதுவே அதன் உண்மையான நிறமும் ஆகும். ஓராண்டில் அது சிறிதே மங்கும். தந்தி மாற்றும்போதெல்லாம் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவந்தால், அடுத்த முறை தொட்டிக்குச் செல்வதற்கு இருபது ஆண்டுகளேனும் ஆகும்.